சிரிக்க வேண்டிய இடம்

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விடும் நாளின் கடைசி பீரியடில் பாடம் நடத்துவது எந்த ஊரிலும் வீண். தென்காசியில் இன்னும் மோசம். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிகிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பதைத் தவிர அன்று யாருக்கும் வேறு விசாரம் கிடையாது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்கு, ஸ்விஃப்ட் 1729ல் எழுதிய ‘எ மாடஸ்ட் ப்ரொபோஸல்’ பற்றிச் சொன்னேன். அயர்லாந்தின் ஏழைகளுக்கு வருஷத்தில் பிறக்கும் குழந்தைகள் 1,20,000 என்று கணக்கு. இனவிருத்திக்கு 20,000 ஒதுக்கிவிட்டு மீதி 1,00,000ஐ ஒரு வயதில் பணக்காரர்களின் சாப்பாட்டு மேஜைக்கு விற்றுவிடலாம் என்று யோசனை. யோசனை சொல்கிறவர் குரலில் பதற்றமே இல்லை. பொதுநலத்தில் அக்கறை கொண்ட கனவான்.

வகுப்பு முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. புரிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். சிரிக்காத ஒரு பெண், “கணக்கு சரியாத்தானே சார் இருக்கு?” என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நானும்தான்.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது ஒன்று, மறைத்து வைவது மற்றது. மறைத்த இடம் கேட்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொண்டைமானின் ஆயுதங்களை ஒளவை புகழ்ந்தபோது, பீலி சூட்டி நெய் பூசி வைத்திருக்கும் வேல் களம் காணாத வேல் என்பது அவனுக்கும் தெரியும். (தெரியாமல் மகிழ்ந்துபோயிருக்கவும் கூடும்.) என் வகுப்புக்கும் ஸ்விஃப்டுக்கும் இடையே அப்படிப் பொதுவாக இருந்தது என்ன? மனிதக் குழந்தையைத் தின்னக் கூடாது என்பது. ரொம்பச் சௌகரியமான பொது. சிரித்தவர்கள் தின்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். தாங்கள் தின்னாதவர்கள் என்கிற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. ஆனால் அந்த எழுத்தின் குரூரம் சமையலுக்கு முன்பே, கூட்டல் கழித்தலில் தொடங்கிவிடுகிறது: குழந்தை இன்ன செலவு, இன்ன வரவு. அந்தப் பெண் அங்கேயே நின்றுவிட்டாள். எனக்கு இது அப்போது படவில்லை.

லீவில் ஒரு பக்க அங்கதம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் குற்றாலத்தை எழுதியிருந்தார்கள். எண்ணெய் வழியும் தொந்திகள், சோப்பு உறைகள், குரங்குக்குப் பயந்த போலீஸ்காரர். தமாஷாகத்தான் இருந்தது. அவள் பீடியை எழுதியிருந்தாள். அம்மா, ஆறாம் வகுப்புத் தங்கை, தான்; ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி; லீவு நாளில் மூன்று பேரும் தட்டோடு உட்கார்ந்தால் இன்னது கூடும்; ஆகவே பள்ளிக்கூடங்களுக்கு லீவை அதிகப்படுத்துவது எல்லோருக்கும் நல்லது. சிவப்பு மையில் ‘இது அங்கதம் ஆகவில்லை, வெறும் நிலவரம்’ என்று எழுதிப் பத்துக்கு நாலு போட்டேன்.

பின்னால் சட்டங்களைப் படிக்க நேர்ந்தது. 1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பதினாலு வயது நிரம்பாதவர்களைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. குடியிருக்கும் வீடு தொழிற்கூடத்தில் சேராது என்றும் அதே சட்டம் விளக்கியது. இந்தப் பக்கத்தில் பீடி சுற்றுவதோ வீட்டுத் திண்ணையில். 2016ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்கிறது, பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில். விடுமுறையில்! கனவானின் அதே பதற்றமற்ற குரல். இதை எழுதியவர்கள் யாரையும் கேலி செய்யவில்லை. ஸ்விஃப்டிடமிருந்து இவர்களைப் பிரிப்பது நோக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வாக்கியத்தைத் தட்டிப் பார்த்தால் நோக்கம் உதிர்வதில்லை. படிக்கிறவனின் வயிற்றுக்குத்தான் அது தெரிகிறது. என் வயிறு நிறைந்திருந்தது.

அவள் தெரிந்தே எழுதினாளா? கேட்டிருக்கலாம். தாளை வாங்கிக்கொண்டவள்தான் கேட்டாள்: “எந்த இடத்துல சார் சிரிப்பு வந்திருக்கணும்?”

ஆயிரம் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, இதை லட்சமாக்கு என்றேன்.