ஊழும் காப்பீடும்: சிறுவணிகரின் கடமை குறித்து

வருங்காலத்தில் நேரக்கூடிய இழப்புக்கு எதிராக இன்றே பணம் கட்டி வைப்பது இறைநம்பிக்கையோடு பொருந்துமா என்னும் கேள்வி, காப்பீடு என்ற ஒப்பந்தம் தோன்றிய நாளிலிருந்தே அதனைத் தொடர்ந்து வருகிறது. இறைவன் விதித்ததை மனிதன் பணம் கொடுத்துத் தடுக்க முயல்கிறான் என்று ஒரு தரப்பினரும், நேருமா நேராதா என்று தெரியாத ஒன்றின்மேல் பணம் வைப்பதால் இது சூதாட்டமே என்று மற்றொரு தரப்பினரும் வாதிட்டனர். வாங்கியதைவிட மிகுதியாகத் திருப்பிக் கொடுப்பதால் இதில் வட்டியின் சாயல் உண்டு என்று சட்டம் கற்ற சமய அறிஞர்கள் ஐயுற்றனர். இவ்விவாதங்கள் பெரும்பாலும் கூடுமா, கூடாதா என்ற எல்லையிலேயே நின்றுவிட்டன. ஆனால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயை மட்டுமே பிரீமியமாக ஒதுக்க முடிந்த சிறுவணிகரின் முன் நிற்கும் கேள்வி வேறு: எதற்குக் காப்பு எடுப்பது, எதை விட்டுவிடுவது? கணக்கரிடமோ முகவரிடமோ விட்டுவிடப்படும் இந்தக் கேள்விக்கும் சமய, தத்துவ அடிப்படை உண்டு. முன்னதைவிட ஆழமான அடிப்படை என்றுகூடச் சொல்லலாம்.

தமிழ்ச் சிந்தனையில் இவ்விவாதம் ஊழ் என்ற கருத்தைச் சுற்றியே அமையும். திருக்குறள் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்து, ஊழினும் வலியது வேறில்லை என்ற கருத்தை அங்கு நிறுவுகிறது. பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தளராது முயல்பவர் அவ்வூழையே புறங்காண்பர் என்று பேசுகிறது. ஒரே நூலுக்குள் நிற்கும் இவ்விரு கூற்றுகளையும் இணைப்பதற்கு உரையாசிரியர்கள் பல வழிகளைத் தேடினர். எல்லாமே முன்பே அறுதியிடப்பட்டது என்ற நியதிக் கொள்கையை முழுமையாக ஏற்ற ஆசீவகருக்கு இச்சிக்கல் இல்லை. அவர்கள் நோக்கில் காப்பீடு எடுப்பதும் நியதி, எடுக்காமல் விடுவதும் நியதி, எனவே அக்கொள்கையிலிருந்து ஒரு வணிகருக்கு எந்த அறிவுரையும் கிடைக்காது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுப்பது இவ்விடத்தில் மிகவும் பயன்படும். பல பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று வந்தது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாகச் செய்து ஈட்டிக்கொள்வது ஆகாமியம். கடை எரிந்துபோவது பிராரத்தம் என்று கொண்டால், காப்பீடு அதனைத் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீ தீயாகவே எரியும், உரியவர் அந்த இரவின் துன்பத்தை நுகர்ந்தே தீர்வார். எனவே காப்பீடு விதியை மறிக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுவற்றது. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று அடுத்துத் தெரிகிறது. உணவகத்தின் அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய் சரிந்து ஒரு பணியாளரின் கை வெந்துபோனால், அப்பணியாளருக்கு அது பிராரத்தமாக இருக்கலாம். ஆட்டங்கண்ட அடுப்பை மாற்றாமல் வைத்திருந்த உரிமையாளருக்கோ அது ஆகாமியம், அதாவது அவர் இப்போது செய்துகொண்டிருக்கும் வினை. தனக்கு வந்த இழப்பை ஊழ் என்று ஏற்கும் மனப்பக்குவம் ஒருவருக்குப் பெருமை தரலாம். தன்னால் பிறருக்கு விளைந்த இழப்பை அதே சொல்லால் தள்ளிவிடுவது அச்சொல்லைத் தவறாகக் கையாள்வதாகும்.

ஐரோப்பியக் கிறித்தவ மரபில் சிக்கல் வட்டியிலிருந்து எழுந்தது. நடுக்காலக் கடல் வணிகர்கள், கப்பல் கரைசேர்ந்தால் மட்டுமே மிகுதியோடு திருப்பித் தரவேண்டிய கடனை நம்பியிருந்தனர். திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி 1234இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற ஓர் ஆணை அம்மிகுதியை வட்டி என்று கண்டித்தது. இதன் விளைவை ஜெனோவா நகரில் 1347 அக்டோபர் 23 அன்று எழுதப்பட்ட, இன்று கிடைக்கும் காப்பீட்டு ஒப்பந்தங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆவணத்தில் காணலாம். அதில் காப்பீடு என்ற பேச்சே இல்லை. காப்பளிப்பவர், கப்பலுக்கு உரியவரிடமிருந்து வட்டியில்லாக் கடன் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்கிறார். கப்பல் மயோர்க்கா தீவை நலமாகச் சென்றடைந்தால் கடன் இல்லையென்றாகும், சேராவிட்டால் அத்தொகையை அவர் கொடுக்க வேண்டும். உண்மையில் அவர் எந்தக் கடனும் பெறவில்லை. அவர் பெற்ற பிரீமியம் எவ்வளவு என்பது ஆவணத்தில் எழுதப்படவேயில்லை. கூடாது என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டு தேவை என்ன என்று பாராத சமயச் சட்டம், பக்தியுள்ள வணிகர்களைக் கொண்டே பொய்க்கணக்கு எழுத வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சூதாட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு விடை ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பந்தய உடன்படிக்கைகள் செல்லாதவை என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவில் கூறுகிறது. காப்பீடு அவ்வகையில் சேராமல் நிற்பது இரண்டு கொள்கைகளால். காப்புறு நலன் என்பது, காக்கப்படும் பொருள் அழிந்தால் காப்பு எடுத்தவருக்கு மெய்யாகவே நட்டம் நேரவேண்டும் என்ற நிபந்தனை. அடுத்த தெருக் கடைக்குத் தீப்பிடிக்கும் என்று எவரும் பாலிசி எடுக்க முடியாது. ஈட்டுறுதி என்பது, நேர்ந்த இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பெறலாகாது என்ற வரம்பு. சூதாடுபவர் இல்லாத இடர் ஒன்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். காப்பீடு எடுப்பவரோ ஏற்கெனவே தம்மேல் இருக்கும் இடரைப் பலரோடு பகிர்ந்துகொள்கிறார். ஜேக்கப் பெர்னூலியின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்தபோது இதற்குக் கணித அடிப்படையும் கிடைத்தது: தனி ஒருவருக்கு அறியமுடியாததாக இருக்கும் நிகழ்வு, பல்லாயிரவரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஏறத்தாழக் கணிக்கக்கூடிய விகிதமாகிவிடுகிறது.

இஸ்லாமியச் சட்ட மரபு இவ்வினாவை ஏனைய மரபுகளைவிட நுட்பமாக ஆராய்ந்துள்ளது. டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (1784–1836), வணிகர்கள் கப்பல் சரக்குக்காக ஐரோப்பியருக்குக் கட்டிவந்த ‘சூக்ரா’ என்ற தொகையைப் பற்றி எழுதுகையில், முஸ்லிம் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் அவ்வொப்பந்தத்தின் பேரில் அழிந்த சரக்குக்கு ஈடு பெறுவது கூடாது என்று தீர்ப்புரைத்தார். பிற்கால அறிஞர்கள் மறுப்பை மூன்று சொற்களில் வகுத்தனர்: ஒப்பந்தப் பொருள் தெளிவற்றிருப்பது ‘கரர்’, சூது ‘மைசிர்’, வட்டி ‘ரிபா’. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹ் (சமயச் சட்டவியல்) அகாதமி 1985இல் ஜித்தாவில் எடுத்த முடிவு, வணிக நோக்கிலான காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. ‘தகாஃபுல்’ எனப்படும் இம்முறையில் கட்டப்படும் தொகை விலையாகக் கருதப்படாமல் ‘தபர்ருஉ’ அதாவது நன்கொடையாகக் கருதப்படுகிறது. கொடைக்கு ஈடு கேட்பதில்லையாதலால் தெளிவின்மை அதனைக் கெடுப்பதில்லை. நிதியில் பற்றாக்குறை நேர்ந்தால் நடத்தும் நிறுவனம் வட்டியில்லாக் கடன் தரவேண்டும். சூடான் 1979இலேயே இவ்வழியைத் தொடங்கிவிட, மலேசியா 1984இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கோலாலம்பூரில் உணவகம் நடத்தும் தமிழ் முஸ்லிம் வணிகருக்கு உள்ள இவ்வாய்ப்பு இந்தியாவில் கடை வைத்திருக்கும் அவருடைய உறவினருக்கு இல்லை. வகுப்புக் கலவரங்களில் கடைகள் எரிக்கப்படும் சூழலைக் கருதி, நிர்ப்பந்தம் என்னும் ‘ளரூரத்’ அடிப்படையில் இந்திய அறிஞர் அவைகள் வழக்கமான காப்பீட்டுக்கு இசைவு அளித்துள்ளன. கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யப்படும் சேதம் ஆகியவை தீக் காப்பீட்டுப் பாலிசியிலேயே அடங்குவதால், அந்த இசைவு எதற்காகத் தரப்பட்டதோ அந்த இடருக்கு மெய்யாகவே காப்பு கிடைக்கிறது.

அரசுத்துறை ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் சின்னத்தில் தாங்கியிருப்பது, அடியாரின் நலத்தைத் தானே சுமப்பதாகக் கண்ணன் கூறும் பகவத்கீதைத் தொடர் என்பதை இங்கு நினைவுகூரலாம். இறைவனின் வாக்குறுதியை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டதை எவரும் இறைநிந்தனை என்று எதிர்க்கவில்லை. காப்பீட்டை இறைவனுக்குப் போட்டியாகப் பொதுமக்கள் கருதவில்லை என்பதற்கு இதுவே போதும்.

அப்படியாயின் எதைக் காப்பது? சிறுவணிகர்கள் முதலில் எடுப்பது தம் கட்டடத்துக்கும் சரக்குக்குமான தீக் காப்பீடு; அதுவும் பலர் தாமாக எடுப்பதில்லை, கடன் கொடுத்த வங்கி வற்புறுத்துவதால் எடுக்கின்றனர். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்து 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட குறுந்தொழில்களுக்கானது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை அதில் அடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அதன் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இப்பாலிசி உரிமையாளரின் சொத்தை மட்டுமே காக்கும். அவர் கடையில் பிடித்த தீ பொதுச்சுவரைத் தாண்டி அடுத்த ஜவுளிக்கடையை எரித்தால், அவர் கடையில் உண்டவர் நஞ்சுணவால் மருத்துவமனை சென்றால், எண்ணெய் பட்ட பணியாளர் ஆறு மாதம் வேலைக்கு வர இயலாவிட்டால், அதில் ஒரு காசும் கிடைக்காது. இவற்றுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு, உற்பத்திப் பொருள் பொறுப்புக் காப்பீடு, பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எனத் தனித்தனிப் பாலிசிகள் உள்ளன. சிறு கடைகளில் இவற்றைக் காண்பது அரிது.

மேலே கூறிய ஆகாமியக் கருத்தை ஏற்றால் இவ்வரிசை தலைகீழாக வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் கடைகள் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. எனப்படும் அரசின் பணியாளர் காப்பீட்டுத் திட்ட வரம்புக்கு வெளியே நிற்பதால், அங்குப் பணியாளருக்கு நேரும் விபத்தின் சுமை நேரே முதலாளிமேல் விழுகிறது. முதலாளியின் பிழை மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இந்தியாவில் நிலைபெற்ற கொள்கை. கொடுக்கும் கடமை இருந்து, கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாத நிலையை உண்டாக்கிக்கொள்வது, சுமைக்குத் தகாத வண்டியில் பாரம் ஏற்றுவதைப் போன்றது. தன் சரக்குக்குக் காப்பு இல்லாதவர் தானே நட்டப்படுகிறார். பணியாளருக்குக் காப்பு இல்லாதவர், தாம் இலாபம் ஈட்டும் தொழிலின் இடரை அதில் பங்கில்லாத ஒருவர் தலையில் கட்டுகிறார்.

தேர்வைப் போலவே வாய்மையும் இதில் அடங்கும். காப்பீடு மிகுந்த நன்னம்பிக்கை வேண்டும் ஒப்பந்தம். முன்மொழிவுப் படிவத்தில் கேட்கப்படும் செய்திகளை மறைப்பவர் தம் பாலிசியைத் தாமே செல்லாததாக்குகிறார். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துச் சொல்வோருக்குச் சராசரி விதி காத்திருக்கிறது: 10 இலட்சம் ரூபாய்ச் சரக்கை 6 இலட்சத்துக்குக் காப்பு செய்தவருக்கு 2 இலட்சம் ரூபாய் சேதம் நேர்ந்தால், அவர் காப்பு செய்த விகிதப்படி 1 இலட்சத்து 20 ஆயிரமே கிடைக்கும். மேற்குறித்த குறுந்தொழில் பாலிசி 15 விழுக்காடு வரையிலான குறைமதிப்பைப் பொறுத்துக்கொள்கிறது, அதற்குமேல் இல்லை. பொது நிதிக்குச் செலுத்த வேண்டியதைக் குறைத்துச் செலுத்தியவர் அதே அளவில் தம் இடரைத் தாமே வைத்துக்கொண்டதாக விதி கொள்வது, எந்தச் சமய நீதிநூலும் ஏற்கக்கூடிய கணக்கே.

போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், தீங்கு விளைக்கும் பொருள்களைக் கையாள்வோர் பிறருக்காகக் காப்பு எடுப்பதைக் கட்டாயமாக்கியது. சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குகிறது. கடையின் டெலிவரி வண்டிக்குச் சட்டம் விதிக்கும் இக்கட்டாயம், அதே கடைக்குள் வந்து செல்லும் வாடிக்கையாளருக்காக இன்றுவரை விதிக்கப்படவில்லை. அந்தக் காப்பை எடுப்பதா வேண்டாமா என்பது உரிமையாளரின் முடிவுக்கே விடப்பட்டுள்ளது.