மேயரைக் கேள்வி கேட்கலாமா?

நல்லது செய்கின்ற ஒருவரைக் கேள்வி கேட்பது முறையாகுமா? இவ்வினா நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. கோயில் கமிட்டியில் கணக்குக் கேட்டால், "என்மேல் சந்தேகமா?" என்று பொருளாளர் சீறுகிறார். சங்கக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து நின்றால், "குழப்பம் செய்யவே வந்தவன்" என்று பின்னாலிருந்து குரல் எழுகிறது. தோட்டத்தில் உழைத்த நம் பாட்டன்மாரோ வாய் திறக்கவே அஞ்சினர். கங்காணியை ஏனென்று கேட்டவனுக்கு மறுநாள் பெரட்டில் வேலை கிடைக்குமா என்பது நிச்சயமன்று. ஆகவே, கேள்வி என்பது ஒன்று அவமதிப்பு, அன்றேல் ஆபத்து என்னும் எண்ணம் நம் இரத்தத்தில் ஊறிவிட்டது. இவ்வெண்ணம் சரிதானா என்பதைச் சிங்கப்பூர் நகரசபையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

சிங்கப்பூர் முனிசிபல் நிர்வாகத்தில் பொதுமக்களுக்கு நெடுநாள் இடமிருந்ததில்லை. 1949ஆம் ஆண்டில் 27 கமிஷனர்களில் 18 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. 1951இல் சிங்கப்பூர் நகரம் என்னும் தகுதி பெற்றது. 1957 டிசம்பரில்தான் நகரசபையின் 32 இடங்களும் தேர்தலால் நிரம்பின. மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பெற்றது. சரிபாதிகூட இல்லாவிடினும் அதுவே பெரிய கட்சியாதலின், அக்கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். சபையில் ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்கும் இடமுண்டாயிற்று. தேக்காவிலும் சுண்ணாம்புக் கம்பத்திலும் வாழ்ந்த தமிழருக்கு இது சிறிய செய்தியன்று. அந்நகரின் தெருக்களைப் பெருக்கியவர்களிலும் சாக்கடைகளைத் தூர் வாரியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர் அல்லரோ? தாம் துப்புரவு செய்த நகரத்தின் சபையில் தம் மொழி ஒலிக்கக்கூடும் என்பதை அவர்கள் அப்பொழுதுதான் அறிந்தனர்.

புதிய மேயர் செங்கோலை விலக்கினார். ஏகாதிபத்தியத்தின் அடையாளம் என்றார். மக்கள் குறைகளைக் கேட்க ஓர் அலுவலகம் திறந்தார். ஏழைகள் வாழும் பகுதிகளுக்குத் தெருக்குழாயும் விளக்கும் சென்றன. இவற்றைப் பழிப்பார் யார்? ஆனால் அதே கையால் அவர் அதிகாரிகளைப் பலரறியச் சிறுமைப்படுத்தினார் என்றும், சபையைத் தம் விருப்பப்படியே நடத்தினார் என்றும் முறையீடுகள் எழுந்தன. எதிர்க்கட்சி அங்கத்தினர் கேள்வி மேல் கேள்வி கேட்டனர். மேயரின் ஆதரவாளரோ, "குழாய் வைத்தவரையா குற்றம் சொல்லுகிறீர்கள்?" என்றனர்.

நமது ஆராய்ச்சிக்கு உரிய இடம் இதுவே. குழாய் வைத்தது குற்றத்துக்கு விடையாகுமா? ஆகாது என்பதே நமது துணிபு. குழாய் மேயரின் சொந்தப் பணத்தால் வந்ததன்று. ஊரார் வரியால் வந்தது. ஊரார் பணத்தில் ஊராருக்குச் செய்ததைத் தம் தயவாகக் காட்டுகிறவர், பெறுகிறவனை இரவலனாக்குகிறார். "இத்தெருவுக்கு ஏன் இல்லை? அவ்வதிகாரியை ஏன் நீக்கினீர்?" என்று கேட்கவும் பதில் பெறவும் வழியிருந்தால்தான் அவன் குடிமகனாகிறான். கேள்விக்கு இடமில்லாத நன்மை பிச்சையே. அது எவ்வளவு பெரிதாயினும் பிச்சையே.

நிற்க. கேட்டவர்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. செங்கோல் எங்கே என்று மனம் பதைத்தவர்களிற் சிலர், குழாயில்லாத குடிசைகளைக் கண்டு அதற்கு முன் அவ்வாறு பதைத்ததுண்டா? மாற்றானிடம் மட்டும் கேட்டு, தம்மவரிடம் கேளாதிருப்பவரின் கேள்வி நீதியிலிருந்து பிறப்பதன்று, தோல்வியிலிருந்து பிறப்பது. எனினும், கேட்பவரின் உள்ளம் தூயதன்று என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. கேட்பவரின் உள்நோக்கத்தைக் காட்டிப் பதிலிலிருந்து தப்புவது பதவியிலிருப்பவரின் பழைய தந்திரம்.

பதவி வகித்தவர் கணக்குக் காட்டவேண்டும் என்பது நேற்று மேனாட்டிலிருந்து இறங்கிய கொள்கையன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவருடைய உறவினர் பெயரும் குடவோலையில் சேரலாகாது என்று அவை விதிக்கின்றன. பண்டை ஆதென்சு நகரத்திலும் பதவி விட்டிறங்கியவர் கணக்கு ஒப்புவிக்கவேண்டியிருந்தது. ஆனால் இவற்றைச் சொல்லி மார் தட்டிக்கொள்ள நாம் விரும்பவில்லை. உத்திரமேரூரில் நிலமும் வேதக் கல்வியும் உடைய பார்ப்பனருக்கே இடம். ஆதென்சில் பெண்ணுக்கும் அடிமைக்கும் இடமில்லை. கேள்வி சிலருடைய சொத்தாக இருந்தது. அதை எல்லோருடைய உரிமையாக்குவதே நம் காலத்தின் வேலை. இலண்டன் மாநகரில் 2000ஆம் ஆண்டு முதல், மேயர் பகிரங்கமாக அமர்ந்து 25 சபை அங்கத்தினரின் வினாக்களுக்கு ஆண்டில் பத்து முறை விடையளிக்கவேண்டுமென்பது ஏற்பாடு. அதனால் மேயரின் மானம் போய்விடவில்லை.

சிங்கப்பூரில் நேர்ந்ததோ வேறு. சச்சரவு முற்றி, 1959இல் சபையின் காரியங்களில் சர்க்கார் தலையிட்டது. விசாரணைக் கமிஷனும் ஏற்பட்டது. ஏப்ரலில் மேயர் பதவி விலகினார். மே மாதம் 51 இடங்களில் 43ஐ வென்று ஆட்சிக்கு வந்த அவருடைய கட்சியே நகரசபையை மூடிற்று. சிறிய தீவுக்கு இரண்டு ஆட்சிகள் எதற்கு என்னும் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், நகரத்தார் தேர்ந்த சபையும், அச்சபை கேள்வி கேட்கக்கூடிய மேயரும் அன்றோடு போயினர். இன்று அங்கு மேயர் என்னும் பெயருடையோர் ஐவர் உளர். அவர்கள் அப்பதவிக்கு நியமிக்கப்படுபவர்கள். மற்றொரு விந்தையும் உண்டு. மேயராயிருந்தபோது கேள்வியைப் பொறாத ஓங் எங் குவான், 1960இல் தம் கட்சித் தலைமையை நோக்கிப் பதினாறு தீர்மானங்களைக் கொண்டுவந்தார், கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். கேள்வியின் அருமை, அதைக் கேட்கும் முறை தமக்கு வரும்பொழுதுதான் மனிதருக்கு விளங்குகிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில், தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவர் பஸ்ஸின் கீழ் அகப்பட்டு மாண்டார்; அதனை அடுத்துக் கலகம் மூண்டது. பின்னர் மது விற்பனைக்கும் அப்பகுதியின் ஒழுங்குக்கும் புதிய சட்டங்கள் பிறந்தன. விசாரணைக் குழு பகிரங்கமாக அமர்ந்தது; பாராளுமன்றத்திலும் வினாக்கள் எழுந்தன. ஆனால் அச்சட்டங்களின் சுமையைத் தங்கள் ஒரே ஓய்வு நாளில் தாங்கிய தொழிலாளருக்கு அந்நாட்டில் வோட்டு இல்லை. அவர்களுக்காகப் பிறர் கேட்டால்தான் உண்டு. வோட்டுடையவன் தனக்காக மட்டும் கேட்பது உரிமை. வோட்டில்லாதவனுக்காகவும் கேட்பது அறம். ஒரு சபையின் தரத்தை இதனைக் கொண்டே அளக்கவேண்டும்.

ஆதலின் தோழர்களே, மேயரைக் கேள்வி கேட்கலாமா என்று இனி ஐயுறவேண்டா. நாம் அங்கம் வகிக்கும் சிறு சபைகளிலிருந்தே தொடங்குவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தில் ஒரு வாலிபர் எழுந்து கணக்குக் கேட்பாராயின், அவரை உட்காரச் சொல்லாதிருப்போம். பொருளாளர் நாமாகவே இருப்பின், புத்தகத்தை எடுத்து அவர் முன் விரிப்போம். "என்மேல் சந்தேகமா?" என்று கேட்பதைக் காட்டிலும், "இதோ பாரும்" என்று சொல்வதில்தான் பெருமை இருக்கிறது.