இந்த விடுதி எந்த நாளில் மூடியிருக்கும்?

கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. நல்லதுதான். பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, தூண் தூணாக விலைபோவதைவிட யாரோ ஒருவர் விளக்குப் போட்டுப் புழங்குவது மேல். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. கட்டடக்கலை, உள்ளலங்காரம் படிக்கும் பிள்ளைகள் லேசர் அளவுகோலோடு வந்து, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டை அளந்துகொண்டு போகிறார்கள். 'பாரம்பரிய விடுதி' என்பது அவர்களுக்குப் பிடித்த புராஜெக்ட்.

எங்கள் வீட்டை அளக்க வந்தவர்களில் ஒரு பெண் சாமி அறை வாசலில் நின்று, "ஆச்சி, இதுக்கு என்ன யூஸ் போடட்டும்?" என்று கேட்டது. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், கொடுத்த அறைகள் அதன் வரைபடத்தில் தங்கும் அறைகளாகியிருந்தன. வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி உணவு மேசைகள். மூன்றாம் கட்டு ஸ்பா. சாமி அறைக்கு மட்டும் பெயர் எழுதவில்லை.

நியாயமான தயக்கம். தெய்வத்துக்கென்று வைத்த இடத்தை இன்னொன்றாக்கலாமா? வழக்கமாக இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, வாசலில் கயிறு கட்டி, உருளியில் பூ மிதக்கவிட்டு, பார்வைக்கு வைப்பது. மற்றது, அதுவும் நாலு சுவர்தானே என்று வரவேற்பறை ஆக்குவது. முதலாவதுதான் பக்தி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில்தான் கூச்சம் அதிகம்.

இடத்தைத் தொடவே கூடாது என்று நம் மரபு சொல்லவில்லை. கோயில் திருப்பணி என்றால் மூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் வைத்துப் பூசை நடக்கும். பிறகுதான் கொத்தனார் ஏறுவார். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தில் திரும்ப எழுந்தருளுவிப்பார்கள். எங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நூறு வருஷம் முன்பு எத்தனையோ சிவாலயங்களை இப்படிக் கருங்கல்லில் புதுப்பித்தார்கள். பழைய கல்லோடு கல்வெட்டுகளும் போயின என்று வரலாற்று ஆய்வாளர்களுக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம். ஆனால் கட்டியவர்களுக்குத் தெய்வம் பழங்கல்லில் இல்லை, விடாமல் நடக்கும் பூசையில் இருந்தது. ஜப்பானில் இசே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013-இல். அதைப் புதுக்கோயில் என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் யாரைக் கும்பிடுகிறோம்? பிள்ளையாரும் முருகனும் படத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரெங்கும் கோயில் உண்டு. இந்த வீட்டுக்கு மட்டுமே உரியவர்கள் இதில் வாழ்ந்து செத்தவர்கள். படைப்பு அவர்களுக்குத்தான். அன்றைக்குப் பங்காளிகள் கூடுவார்கள். பேழையிலிருந்து பழைய துணியை எடுத்து, புது வேட்டியும் சேலையும் வைத்து, இலை போட்டுப் படைப்போம். அப்பத்தாவின் சேலையைப் பிரிக்கும்போது மடிப்பு மடிப்பாகக் கற்பூர வாசம் வரும். வருஷம் முழுக்க அந்த அறை வெறும் அறைதான், உண்மையைச் சொன்னால் பாதி நாள் அரிசி மூட்டை கிடக்கும். அந்த ஒரு நாள் அதை வேறாக்கிவிடுகிறது.

ஆகவே புனிதம் சுவரில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா என்று தேடுவதே வீண் என்பது என் கட்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கஜலட்சுமி செதுக்கிய நிலைகள் சாத்திக் கிடக்கும். ஒன்றில் யானைத் துதிக்கை இடுக்கில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. பையன் அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாங்குகிறவர்களுக்குச் சுத்தமாக வேண்டுமாம். அந்த அடையை வைத்தவளின் வெள்ளிக்கிழமைகள் எப்போதோ நின்றுவிட்டன. அவன் தேய்த்ததால் புதிதாக எதுவும் போகவில்லை. 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். அருமையான வேலை. தூணும் கதவும் வந்தன. படைப்பு லாரியில் வராது.

குடும்பமே படைப்பை நிறுத்திவிட்ட வீடு என்றால், சாமி அறையில் சோபா போடுவது தெய்வக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பொங்கல் வைத்து, விடைபெற்றுக்கொண்டு, தாராளமாகப் போடலாம். ஆனால் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் இன்னும் வந்து கூடும் வீட்டை விடுதியாக்குகிறவர் அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் வரைய வேண்டும். வளவில் கழற்ற முடியாத மேடை கட்டக் கூடாது. பந்தி போட அங்கே தரை வேண்டும். மூன்றாம் கட்டில் விறகடுப்பு ஒன்றாவது பிழைத்திருக்க வேண்டும். திருக்கார்த்திகை கழித்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பில் எரிகிற நூலிழைத் திரியை மாவோடு, சுடர் அணையாமல் வாயில் போட்டுக்கொள்கிறோம். உத்தரத்தில் புகை அலாரம் வைப்பவர் அதையும் தெரிந்துகொண்டு வைக்கட்டும்! பேழை இருக்கும் அலமாரிச் சாவி மேனேஜர் கையில் இருக்கக் கூடாது.

ஒரு நாள் மூடினால் அன்றைய வாடகை போகும் என்பார்கள். போகட்டும். பங்குள்ள வீட்டைக் குத்தகைக்கு எடுக்கும்போதே பங்காளிகளின் கையெழுத்து வாங்குகிறீர்கள் அல்லவா, இறந்தவர்களுக்கும் அதில் ஒரு நாள் பங்கு உண்டு.

இந்தப் புராஜெக்ட்டுகளுக்கு மார்க் போடும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் பற்றிக் கேளுங்கள், சுண்ணாம்புப் பூச்சைப் பற்றியும் கேளுங்கள். அதோடு, இந்த விடுதி வருஷத்தில் எந்தெந்த நாள் விருந்தாளிகளுக்கு மூடியிருக்கும் என்றும் கேளுங்கள். பதில் தெரியாத பிள்ளையை இன்னொரு முறை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை அளவுகோல் வேண்டாம், வீட்டு ஆச்சியிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.