அளவு வகுத்துக்கொண்ட இல்லறத்தான்

தேவையையும் ஆசையையும் பிரித்தறிய முற்படுவோர் அரிசி தேவை, பட்டு ஆசை என்று பொருள்களையே இருவகைப்படுத்துகின்றனர். ஆயினும் நேற்று ஆசையாக இருந்தது வாங்கிப் பழகியபின் தேவையாகிவிடுவதால் அப்பட்டியல் நிலைப்பதில்லை. சமண அறிஞர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உடைமைப் பற்றாகிய பரிக்கிரகத்தை மூர்ச்சை, அதாவது 'எனது' என்னும் மயக்கம், என வரையறுக்கிறது. மயக்கம் கொள்பவரின் மனத்தில் இருப்பதால், அளவையும் அவரே வகுத்தாக வேண்டும்.

அனைத்தையும் துறந்த முனிவருக்கு இச்சிக்கல் இல்லை. இல்லறத்தாருக்கோ சமண அறநூல்கள் உடைமைக்கு அளவு வகுக்கும் பரிக்கிரக பரிமாணத்தையும், நுகர்ச்சிக்கு அளவு வகுக்கும் போகோபபோக பரிமாணத்தையும் விதித்தன. உணவுபோல் ஒருமுறை துய்த்தவுடன் தீர்வது போகம், ஆடைபோல் மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகம் வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கும் வரம்பை இயமம் என்றும், நாள், திங்கள் எனக் காலம் குறித்து ஏற்பதை நியமம் என்றும் பிரித்து, வாழ்நாள் வரம்புக்குத் துணியாதவரும் தொடங்குவதற்கு இடமளிக்கிறது.

சமணரில் சுவேதாம்பரப் பிரிவினரின் ஏழாம் அங்க நூலாகிய உபாசகதசாங்கம் கூறும் ஆனந்தன் 12 கோடிப் பொன்னும், 10,000 பசுக்கள் வீதம் 4 மந்தைகளும் உடைய பெருஞ்செல்வன். மகாவீரர் முன்னிலையில் அவன் ஏற்ற நோன்பு, இருப்பதற்குமேல் வேண்டுவதில்லை என்பதே. கோடிகளை வைத்துக்கொண்டு ஏற்கும் நோன்பு என்ன நோன்பு என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அந்நூல் அத்துடன் நிற்காமல், பல் துலக்கப் பச்சை அதிமதுரக் குச்சி, குளிக்க 8 குடம் நீர், உடுக்க ஓர் இணைப் பருத்தி ஆடை, உண்ணச் சரத்காலத்துப் பசுநெய், பருக மழைநீர் என்று அவன் அன்றாடம் ஏற்ற வரம்புகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. கோடிகளின் வரம்பு ஆண்டுக்கு ஒருமுறை நினைவுக்கு வரலாம். குளியல் நீரின் வரம்போ ஒவ்வொரு விடியலிலும் கைக்கெட்டும் தொலைவில் நின்று தடுக்கிறது. ஒன்பதாவது குடம் தேவையா, ஆசையா என்று அவன் அவ்வேளையில் வழக்காட வேண்டியதில்லை. மனம் தெளிந்திருந்த நாளிலேயே அது தீர்க்கப்பட்டுவிட்டது. கடையில் பொருளைக் கையில் எடுத்தபின் 'இது தேவைதானா' என்று கேட்பவர், ஆசையையே நடுவராக அமர்த்திவிடுகிறார்.

வறியவருக்கு வறுமையே அளவு வகுத்துவிடுவதால், இந்நோன்பு செல்வரை நோக்கியது. ஆனந்தனும் 14 ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்தபின், குடும்பப் பொறுப்பை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கொல்லாகம் என்னும் இடத்திலிருந்த நோன்புச்சாலைக்குச் சென்றான் என்கிறது அந்நூல்.