எப்படி அறிந்தீர்கள்?

திரைப்படத்தைப் பற்றி நூல் எழுதிய ஒருவருடன் நடத்தப்படும் உரையாடல், அந்த நூலைப் படித்தாலே கிடைத்துவிடக்கூடிய செய்தியை அவர் வாயால் மறுபடி சொல்லவைப்பதோடு முடிந்துவிட்டால், அதனால் வாசகருக்கும் பயனில்லை, எழுதியவருக்கும் பயனில்லை. நூலில் இருப்பவை பெரும்பாலும் முடிவுகள். அந்த முடிவுகளுக்கு அவர் எந்தச் சான்றைக் கொண்டு வந்து சேர்ந்தார், எந்த இடத்தில் சான்று தீர்ந்து ஊகம் தொடங்கியது என்பனவற்றை நேரில் கேட்டால்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் வயதிலும் கல்வியிலும் மூத்த ஒருவரைப் பார்த்து 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கத் தமிழ்ச் சமூகத்தில் பலருக்கும் நா எழுவதில்லை. பெரியவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா என்பது, சினிமா நூல்களோடு நின்றுவிடாமல், வீட்டிலும் தறிக்கூடத்திலும் வகுப்பறையிலும் எழுகிற வாழ்க்கைக் கேள்வியாகும்.

இக்கேள்விக்குக் காஞ்சிபுரத்தில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி, வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடமும் சென்று அவரவர் கொள்கைகளைக் கேட்டறிந்த பின்னர், காஞ்சி நகருக்கு வந்து பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். அடிகள் அவளுக்கு முதலில் எடுத்துரைப்பது அளவைகளைப் பற்றியே. அளவை என்பது ஒன்றை மெய்யென்று அறிவதற்கு உரிய வழி. பிற சமயத்தார் பல அளவைகளை எண்ணியிருக்க, பௌத்தம் ஏற்பவை காட்சி, கருத்து ஆகிய இரண்டே என்று அவர் விளக்குகிறார். புலன்களால் நேரே அறிவது காட்சி. அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றை உய்த்துணர்வது கருத்து. பெரியோர் சொன்னார் என்பது இம்முறையில் தனியோர் அளவையாக நிற்பதில்லை. அதுவும் கருத்தளவையின் சோதனைக்கு உட்பட்டே ஏற்கப்பட வேண்டும். ஆசிரியரின் காலடியில் அமர்ந்து பணிவோடு கேட்கும் மாணவிக்கு, எதையும் எப்படிச் சோதித்து ஏற்பது என்பதையே முதற்பாடமாகச் சொல்லித்தந்த நகரம் இது. கேள்வியும் பணிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் அரிது.

தமிழ்ச் சினிமா வரலாற்று நூல்களை இந்த அளவையைக் கொண்டு பார்க்கும்போது, நூலாசிரியர் தாமே கண்டது, ஆவணத்திலிருந்து உய்த்துணர்ந்தது, பிறர் சொல்லக் கேட்டு எழுதியது ஆகிய மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு அச்சாகியிருப்பது புலப்படும். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் தயாரித்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது வெளிவந்த ஆண்டு ஒரு நூலில் 1916, இன்னொன்றில் 1917, மற்றொன்றில் 1918 என்று இருக்கிறது. படமோ இன்று இல்லை. படச்சுருள் அழிந்த பின்னர் எழுதப்பட்ட நூல்கள் பெரும்பாலும் முந்தைய நூல்களை நம்பியே நிற்பதால், இந்த ஆண்டுக் குழப்பத்தைப் படிப்பதால் மட்டும் தீர்க்க இயலாது. எழுதியவரைக் கேட்டால், எந்தப் பத்திரிகையை எந்த நூலகத்தில் பார்த்தார், அல்லது யார் சொல்லி எழுதினார் என்பதாவது வெளிவரும்.

காஞ்சிபுரத்துக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. இந்நகரில் 1909-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி', 'நல்லதம்பி' ஆகிய படங்கள் 1949-இலும், 'ஓர் இரவு' 1951-இலும் வெளிவந்தன. இவற்றுள் 'ஓர் இரவு' படத்துக்கான எழுத்தை அவர் ஒரே இரவில் முடித்துக் கொடுத்தார் என்னும் செய்தி நூலுக்கு நூல் திரும்ப வருகிறது. அது முற்றிலும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், அன்றிரவு உடனிருந்தவர் யார், முதலில் சொன்னவர் யார், எழுதியது முழு உரையாடலா அல்லது காட்சி வரிசையா என்று இதை எழுதுபவர் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டிருந்தால், இன்று அது வியப்புச் செய்தியாக மட்டும் நில்லாமல், அண்ணாவின் எழுத்து முறையை அறிய உதவும் வரலாற்றுக் குறிப்பாகியிருக்கும். அண்ணாவை நேசிப்பவர்களே இக்கேள்வியை முதலில் எழுப்பியிருக்க வேண்டும்.

சான்று குறைந்த இத்துறையில் ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் முக்கியமானது பாட்டுப் புத்தகம். திரையரங்கு வாசலில் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட அந்த மெல்லிய வெளியீட்டில், நடிகர் பெயர்களும் தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களும் பாடல்களும் கதைச் சுருக்கமும் இருக்கும். கதைச் சுருக்கம் சிக்கலான கட்டத்துக்கு வந்ததும் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணும்படி வாசகரை அழைக்கும். படச்சுருளே அழிந்துபோன படங்களைப் பொறுத்தவரை அந்த மீதி இனி எந்தத் திரையிலும் கிடைக்காது. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' உட்பட, முப்பதுகளின் படங்கள் பல இப்படித் தாளில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தாளில் இல்லாததை அப்படங்களைப் பார்த்தவர்கள் மட்டுமே சொல்லியிருக்க முடியும். அவர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள்.

இந்த இழப்பை முன்கூட்டியே உணர்ந்து உழைத்தவர்கள் சிலர். அஞ்சல் துறை அதிகாரியாகப் பணியாற்றிய சு. தியடோர் பாஸ்கரன், சினிமாவை ஆய்வுக்குரிய பொருளாகக் கல்வி உலகம் பெரிதும் மதிக்காத காலத்தில், தேசிய இயக்கத்துக்கும் நாடகம், சினிமா ஆகியவற்றுக்கும் இருந்த உறவை ஆராய்ந்து 1981-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் நிழற்படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் படத் தகவல்களையும் பல பத்தாண்டுகள் திரட்டி, 2004-இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் பெருந்தொகுப்பைக் கொண்டுவந்தார். 2016-இல் அவர் மறைந்தபோது, தொகுப்பில் ஏறாமல் அவர் நினைவில் மட்டும் இருந்தவையும் அவரோடு போயின. ஒரு படத்தின் பெயரைச் சொன்னதும் விவரங்களைச் சொல்லக்கூடியவர் என்று அவரைப் புகழ்ந்தவர்கள் அநேகர். அந்த விவரம் எங்கிருந்து வந்தது என்று உடனமர்ந்து குறித்துக்கொண்டவர்கள் அந்த அளவுக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கேள்வி கேட்டுப் பதிலை அப்படியே பதிவுசெய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அமைக்கப்பட்ட இந்திய சினிமா விசாரணைக் குழு நல்ல முன்மாதிரி. அக்குழு முந்நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை நேரில் விசாரித்து, கேள்வியும் பதிலுமாகவே அவர்களின் சாட்சியங்களை அச்சிட்டது. மௌனப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்ட இந்நாளில், அக்காலப் பார்வையாளர்களையும் கொட்டகைகளையும் அறிய விரும்பும் ஆய்வாளர் இன்றும் அத்தொகுதிகளையே நாடுகிறார். சாட்சி தயங்கிய இடம், தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட இடம், குழுவினர் விடாமல் மறுகேள்வி கேட்ட இடம் எல்லாம் அவற்றில் இருப்பதே அவற்றின் பெருமதிப்பு. இன்றைய நூல் வெளியீட்டு விழாக்களில் பொன்னாடையும் வாழ்த்துரையும் முடிந்து எஞ்சும் பத்து நிமிடத்தில், அடுத்த நூல் எது என்று ஆசிரியரிடம் கேட்கப்படுகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும்.

கேட்பதற்கு ஆய்வுப் பட்டம் தேவை என்று கருதவும் வேண்டாம். எடுத்துக்காட்டாக, பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வுபெற்றது. அதில் நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகரானார். மகளைப் பட்டுப்புடவையில் மணமுடித்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்த கூலி நெசவாளி, பட்டு இழையை வாயில் ஒளித்துச் சிறிது சிறிதாக வீட்டுக்குக் கொண்டுவருவது அதன் கதை. அப்படத்தைப் பற்றி எழுதும் விமர்சகர் உணர்ச்சியையும் ஒளிப்பதிவையும் பேசுவார். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்து வாழ்ந்த ஒருவரோ, பட்டும் சரிகையும் எடைபோட்டுக் கொடுக்கப்பட்டு, நெய்த சேலையும் எடைபோட்டு வாங்கப்படும் தொழிலில், குறைந்த இழைக்குக் கணக்கு எப்படிச் சரிக்கட்டப்பட்டிருக்கும் என்று அந்த விமர்சகரிடம் கேட்பார். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை முறையில், மறுபக்கம் நாடா வீச இன்னொருவர் உடனிருக்க வேண்டுமே, தனித்து நெய்யும் அந்த மனிதன் எந்த வகைச் சேலையை நெய்தான் என்றும் கேட்பார். இவை படத்தைக் குறைசொல்லும் கேள்விகள் அல்ல. காட்சியளவையால் ஒன்றை அறிந்தவர் கருத்தளவையால் எழுதுபவருக்குச் செய்யும் பேருதவி. விமர்சகருக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். அந்தச் சொல்லால் அவர் நூலின் ஏனைய பகுதிகள்மீது நம்பிக்கை கூடவே செய்யும்.

'வேலைக்காரி' வெளிவந்தபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் அத்தகைய மூத்தவர் உள்ள வீட்டார், இனியும் தாமதிக்காமல் அவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்: எந்தக் கொட்டகையில் பார்த்தார், யார் அழைத்துப்போனார், எந்த வசனத்துக்குக் கூட்டம் கைதட்டியது, வீடு திரும்பியதும் பெரியவர்கள் என்ன சொன்னார்கள். அவர் கண்டதைத் தனியாகவும், பிறர் சொல்லக் கேட்டதைத் தனியாகவும் குறித்து, அன்றைய தேதியையும் இடவேண்டும்.