உதிர்ந்த கனி போதும்

அறிவைத் தேடுவது அறம் என்கிறோம். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாதிருத்தலும் அறம் என்கிறோம். இவ்விரண்டும் ஒரே வழியில் செல்லும் வரையில் நமக்குத் தொல்லை இல்லை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கைவிட வேண்டிய நேரம் வந்தால் என்ன செய்வது? இவ்வினாவை முதன்முதலில் என் முன் வைத்தவள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

உண்மைப் பொருளைக் காட்டியே பாடம் நடத்த வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு வலியுறுத்திக் கூறுவார்கள். அதன்படி, ஆணிவேர், சல்லிவேர் பாடம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி வரச் சொல்வேன். குப்பைமேனியும் புல்லும் மேசைமேல் குவியும். பாடம் முடிந்ததும் அவை குப்பைக்குப் போகும். ஓராண்டு அம்மாணவி, வாடிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், பார்த்தாயிற்றே, இதைத் திரும்ப நட்டால் பிழைக்குமா?" என்று கேட்டாள். பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் "நட்டுப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பணி ஓய்வுக்குப் பின்னர், அமெரிக்க நாட்டில் வெட்டுண்ட ஒரு பைன் மரத்தின் வரலாற்றைப் படித்தபோது அவ்வினா மீண்டும் என் முன் வந்து நின்றது. வாசக அன்பர்களுடன் சேர்ந்து அதனை ஆராய விரும்புகிறேன்.

மரம் எழுதி வைக்கும் கணக்கு

பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்களின் கட்டை அமைப்பில் எளிமையானது. அதன் பெரும்பகுதி டிரக்கீடு எனப்படும் நீண்ட, மெல்லிய உயிரணுக்களால் ஆனது. நீரை மேலே கொண்டு செல்வதும் மரத்தைத் தாங்கி நிற்பதும் அவற்றின் வேலையே. குளிர்நாடுகளில் இளவேனிற் காலத்தில் தோன்றும் உயிரணுக்கள் அகன்றும் மெல்லிய சுவருடனும் இருக்கும். கோடை முடியும் தறுவாயில் தோன்றுபவை குறுகித் தடித்த சுவருடன் இருக்கும். முன்னது வெளிறியும் பின்னது கருத்தும் தெரியும். இவ்விரண்டும் சேர்ந்தது ஓர் ஆண்டு வளையம். வறண்ட மலைப்பகுதிகளில் மழை மிகுந்த ஆண்டின் வளையம் அகலமாகவும் வறட்சி ஆண்டின் வளையம் குறுகலாகவும் அமையும்.

ஒரே வட்டாரத்து மரங்கள் ஒரே வானிலையைக் கண்டவை. ஆதலால் அவற்றின் வளைய வரிசையும் ஒத்திருக்கும். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களை ஒரு பழைய உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்தினால் கணக்கு மேலும் பின்னோக்கிச் செல்லும். இம்முறையை வகுத்தவர் ஏ. ஈ. டக்ளஸ் என்னும் வானியலார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பூமியின் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியப் புறப்பட்டவர், மரத்தில் காலக்கணக்கையே கண்டுகொண்டார். 1929ஆம் ஆண்டில், தென்மேற்கு அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் கட்டிய இடிந்த இல்லங்களின் உத்தரங்களை உயிருள்ள மரங்களின் வரிசையோடு இணைத்து, அவற்றுக்கு ஆண்டு குறித்தார். 1937இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வகம் ஒன்றும் நிறுவப்பட்டது.

ஒரு மரத்தின் சாட்சி மட்டும் இத்துறையில் போதாது. கடும் வறட்சி ஆண்டில் மரத்தின் ஒரு பக்கத்தில் வளையமே தோன்றாமல் போவதுண்டு. பல மரங்களை ஒப்பிட்ட பின்னரே ஆண்டை உறுதி செய்வார்கள். ஒரு பக்கம் நின்று பார்ப்பவனுக்கு உண்மை முழுமையாக அகப்படாது என்னும் அனேகாந்த நெறியை இங்கே ஆய்வுமுறையாகவே காண்கிறோம்.

வளையத்தைப் பார்க்க மரத்தை வெட்டியாக வேண்டும் என்பதில்லை. உள்ளே துளையுள்ள ஒரு திருகு கருவியை மரத்தின் நடுவை நோக்கிச் செலுத்தினால், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு குச்சி வெளிவரும். அதில் வளையங்கள் அனைத்தும் வரிவரியாகத் தெரியும். மரத்துக்கு அது காயம்தான். ஆயினும் ஊசியிலை மரம் தன் பிசினைச் சுரந்து அக்காயத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

வறுமையில் வளரும் நெடுவாழ்வு

கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் பிரிஸ்டில்கோன் பைன் என்னும் மரங்கள் நிற்கின்றன. மழை குறைவு, மண் வளமற்றது, காற்றோ ஓயாதது. மேற்சொன்ன ஆய்வகத்தைச் சேர்ந்த எட்மண்ட் ஷுல்மன், மிக மோசமான நிலத்தில் மிக மெதுவாக வளரும் மரங்களே மிக நீண்ட காலம் வாழ்கின்றன என்பதைக் கண்டு 1954இல் எழுதினார். மெதுவாக வளர்வதால் கட்டை இறுகிப் பிசின் செறிந்து நிற்கிறது. பூச்சியும் அழுகலும் எளிதில் அணுகுவதில்லை. முதிர்ந்த மரங்களில் தண்டின் பெரும்பகுதி இறந்துபோய், ஒரு கீற்றுப் பட்டை மட்டும் உயிரோடிருந்து சில கிளைகளைக் காத்து வரும். ஓர் ஊசியிலை முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உதிராமல் இருப்பதுண்டு. உள்ளதைக் கொண்டு வாழும் அத்தகைய சிக்கனத்தை மனிதரிடம் காண்பது அரிது.

1957இல் ஷுல்மன் அங்கே துளையிட்டுப் பார்த்த ஒரு மரத்தின் அகவை 4,600 ஆண்டுகளைக் கடந்திருந்தது. விவிலியத்தில் 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெத்துசேலாவின் பெயரை அதற்கு இட்டனர். துளையிடப்பட்ட அம்மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது.

1964, ஆகஸ்டு 6

நெவாடா மாநிலத்தில் வீலர் சிகரம் என்னும் மலையிலும் அவ்வின மரங்கள் உண்டு. 1964இல் டொனால்டு கரி என்னும் ஆராய்ச்சி மாணவர் அங்கு வந்தார். சில நூற்றாண்டுகளுக்கு முன் நிலவிய குளிர்காலப் போக்கையும் பனியாறுகளின் வரலாற்றையும் மர வளையங்களின் துணையால் அறிவது அவர் நோக்கம். பல மரங்களில் துளையிட்டுக் குறித்து வந்தவர், 114 என்று எண்ணிட்ட முதுமரத்தில் தடைப்பட்டார். துளைக்கருவி முறிந்தது என்பர் சிலர். எட்டவில்லை என்பர் வேறு சிலர். வனத்துறையிடம் அனுமதி கேட்டார், கிடைத்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் மரம் வெட்டப்பட்டது.

வேரடிக்குச் சற்று மேலே எடுத்த குறுக்குவெட்டில் அவர் எண்ணிய வளையங்கள் 4,844. பின்னர் வேறோர் ஆய்வாளர் எண்ணியபோது 4,862. வேரடியிலிருந்து அவ்வுயரத்தை எட்ட எடுத்த ஆண்டுகளையும் சேர்த்தால் அகவை ஏறத்தாழ 4,900 ஆகும். எகிப்தின் கீசா பிரமிடுகள் எழுவதற்கு முன்பே முளைத்த மரம் அது. அந்நாளில் அகவை அறியப்பட்டிருந்த மரங்களுள் அதுவே மூத்தது. அச்செய்தி, மரம் வீழ்ந்த பின்னரே தெரிய வந்தது. அம்மலையை அறிந்த இயற்கை ஆர்வலர்கள் அதற்கு ஏற்கெனவே ப்ரொமிதியஸ் என்று பெயரிட்டிருந்தனர். மக்களுக்காக நெருப்பைக் கவர்ந்து வந்து துன்புற்ற கிரேக்கக் கதைமாந்தன் பெயர் அது. அறுத்த துண்டொன்று இன்று அங்குள்ள தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இருக்கிறது. மக்கள் அருகில் நின்று வளையங்களைப் பார்த்துச் செல்கின்றனர்.

குற்றம் எங்கே இருக்கிறது?

அந்த மாணவரைத் தூற்றுவது எளிது. அதனால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அவர் சார்பில் சொல்லக்கூடியவற்றை நேர்மையோடு எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, அவருக்கு அது மூத்த மரம் என்று தெரியாது என்பது. உண்மை. ஆனால் மிகவும் முதிர்ந்தது என்பது தெரியும். அதனால்தானே அதனைத் தேர்ந்தார்! மேலும், உலகம் வருந்தியது ஓர் உயிர் போயிற்று என்றா, மிகப் பெரிய எண்ணொன்று அழிந்தது என்றா? அம்மரம் மூவாயிரம் ஆண்டு அகவையுடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் வருந்தியிருக்க மாட்டார்கள். மூன்று வாரக் குப்பைமேனிக்காக ஒருவரும் வருந்தவில்லை, நான் உட்பட. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக ஒரே வரிசையில் வைத்தது தொல்காப்பியம். சமணமும் அவ்வாறே கருதுகிறது. அகவைக்கு இரங்குவது வேறு, உயிர்க்கு இரங்குவது வேறு.

இரண்டாவது, அனுமதி பெற்றார் என்பது. அனுமதி சட்டத்தின் வினாவுக்கு விடையாகும்; அறத்தின் வினாவுக்கு விடையாகாது. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிர் போனதை மட்டும் சொல்லாமல், அதற்குக் காரணமான விழிப்பின்மையையும் சேர்த்தே சொல்கிறது. கேட்டவரும் கொடுத்தவரும், வெட்டலாமா என்று பார்த்தனர். வெட்டாமல் முடியுமா என்று போதிய அளவு பார்த்தனரா என்பதே என் ஐயம்.

மூன்றாவது, அறிவு பெருகியது என்பது. இதுவே வலிமையான வாதம். இதற்கு விடை காண நாம் நன்கறிந்த கதையொன்றை நினைவுகூர வேண்டும்.

பசி ஒன்று, வழி ஆறு

காட்டில் பசித்த வழிப்போக்கர் அறுவர், கனி நிறைந்த நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். ஒருவன் வேரோடு சாய்ப்போம் என்றான். மற்றவன் அடிமரத்தை வெட்டினால் போதும் என்றான். மூன்றாமவன் பெருங்கிளையையும், நான்காமவன் சிறுகிளையையும் முறிக்கலாம் என்றனர். ஐந்தாமவன் கனிகளை மட்டும் பறிப்போம் என்றான். ஆறாமவன், கீழே உதிர்ந்து கிடப்பவையே நம் பசிக்குப் போதுமே என்றான். கருமை முதல் வெண்மை வரையிலான ஆறு இலேசியைகளை விளக்க நம் முன்னோர் கூறி வந்த கதை இது. உண்ணலாமா, கூடாதா என்று இக்கதை கேட்கவில்லை. அறுவர்க்கும் பசி ஒன்றே. தீர்க்கும் வழிதான் வேறு.

இனி, வெள்ளை மலைகளுக்குத் திரும்புவோம். ஷுல்மன் 1958இல் மறைந்த பின், அதே ஆய்வகத்தைச் சேர்ந்த சி. டபிள்யூ. பெர்குசன் அம்மலைச் சரிவுகளில் வீழ்ந்து கிடந்த கட்டைகளைத் தேடலானார். குளிரும் வறட்சியும் பிசினும் காத்ததால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த கட்டைகள் அங்கே மட்காமல் கிடந்தன. அவற்றின் வளையங்களை உயிருள்ள மரங்களின் வரிசையோடு பொருத்திப் பொருத்தி, 1969இல் 7,104 ஆண்டுகள் கொண்ட தொடர்வரிசையை வெளியிட்டார். வெட்டுண்ட மூத்த மரம் சொல்லக்கூடியதைவிட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது பின்னோக்கிச் சென்றது.

அதன் பயனும் பெரிது. இறந்த உயிர்ப்பொருளில் எஞ்சிய கார்பன் 14ஐ அளந்து காலம் கணிக்கும் முறைக்காக வில்லார்டு லிபி 1960இல் நோபல் பரிசு பெற்றார். காற்றிலுள்ள கார்பன் 14 எக்காலத்தும் ஒரே அளவில் இருந்தது என்ற கருதுகோளின் மேல் அம்முறை நின்றது. ஆண்டு உறுதியாகத் தெரிந்த பைன் வளையங்களை ஹான்ஸ் சூஸ் என்பவர் அளந்தபோது அக்கருதுகோள் சரியன்று என்று தெரிந்தது. மிகப் பழைய பொருள்களுக்குக் குறித்த காலம் பல நூற்றாண்டுகள் குறைந்திருந்தது. திருத்திய கணக்கின்படி, மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற் கல்லறைகளுள் பல, எகிப்தின் பிரமிடுகளுக்கும் முற்பட்டவை என்று ஆயிற்று. வரலாற்று நூல்களையே திருத்தி எழுதச் செய்தவை தரையில் கிடந்த கட்டைகள்!

பெர்குசனின் வழியிலும் ஊறு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவ்வரிசையின் இக்கால முனை, உயிருள்ள மரங்களில் துளையிட்டு எடுத்த குச்சிகளின் மேல்தான் நிற்கிறது. இல்லறத்தார்க்கு ஓரறிவுயிரின் ஊறு முற்றிலும் தவிர்க்க இயலாதது என்பதால்தான், வீண் ஊறு செய்யாமையை அவர்க்கு நோன்பாக வைத்தனர். முற்றிலும் வெண்மை எய்தாவிட்டாலும், கருமையிலிருந்து ஒவ்வொரு படியாக விலகி வரலாம். அதற்கு வேண்டுவன இரண்டு: உதிர்ந்தது எங்கே கிடக்கிறது என்று தேடும் கண், அதுவரை காத்திருக்கும் பொறுமை. சாய்ப்பதற்கு ஒரு நாள் போதும். பொறுக்கிச் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அறிவின் பெயரால் நாம் செய்யும் தீங்குகளில் பலவற்றுக்குக் காரணம் அறிவு வேட்கையன்று, அவசரமே.

என் வகுப்பறைக்கும் இது பொருந்தும். பள்ளித் தோட்டத்தில் ஆண்டுதோறும் களையெடுப்பார்கள். களை என்று பிடுங்கி எறிந்தவற்றிலேயே ஆணிவேரும் இருந்தது, சல்லிவேரும் இருந்தது. பாடக்குறிப்பில் ஒரு வாரத்தை முன்னுக்குப் பின்னாக மாற்றியிருந்தால், ஒரு செடியையும் தனியே பிடுங்காமல் அதே பாடத்தை அதே தெளிவோடு நடத்தியிருப்பேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு முறையேனும் எனக்கு அது தோன்றவில்லை. கொடுமையால் அன்று, கேட்டுப் பார்க்காததால்.

அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய விடையை இப்போது எழுதுகிறேன். பிழைக்காது, அம்மா. நீ கேட்டது நல்ல கேள்வி. பிடுங்குவதற்கு முன்பே நான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.