கடன்பட்டவர் இன்னும் உயிரோடிருக்கிறார்

2015 ஜூன் 2 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா இருவருக்கு மெடல் ஆஃப் ஆனர் வழங்கினார். அமெரிக்கப் படைவீரருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச விருது அது. இருவரும் முதல் உலகப் போரில் களம் கண்டவர்கள். இருவரும் இறந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. வில்லியம் ஷெமினின் பதக்கத்தை அவருடைய மகள்கள் பெற்றுக்கொண்டார்கள். ஹென்றி ஜான்சனுக்கு அப்படி யாரும் இல்லை. அவருடைய வாரிசு என்று உறுதியாகச் சொல்ல ஒருவரும் கிடைக்காததால், நியூயார்க் தேசியக் காவல்படையின் மூத்த சார்ஜென்ட் ஒருவர் அவர் சார்பில் வந்து நின்றார்.

ஜான்சன் ஆல்பனி நகர ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். 1917இல் படையில் சேர்ந்தார். அவருடைய 369ஆம் காலாட்படைப் பிரிவு முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்டது. அமெரிக்கத் தலைமை அதைப் பிரெஞ்சுப் படையின் கீழ் அனுப்பிவைத்தது. 1918 மே மாதம், ஆர்கோன் காட்டோரத்தில் ஓர் இரவு. ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்ற தோழரும் காவலில் இருந்தபோது ஜெர்மன் படையினர் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் பாய்ந்து வந்தார்கள். குண்டு தீர்ந்தபின் ஜான்சன் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். அதுவும் உடைந்தபின் கத்தியை எடுத்தார். படுகாயப்பட்ட ராபர்ட்ஸை எதிரிகள் இழுத்துச் செல்ல விடவில்லை. விடிந்தபோது அவர் உடம்பில் 21 காயங்கள். பிரான்ஸ் தன் உயரிய வீர விருதுகளில் ஒன்றான குரோவா த கேரை அவருக்கு அணிவித்தது. அவருடைய சொந்த நாடு ஒரு பதக்கமும் தரவில்லை. 1929இல் அவர் இறந்தார். 1996இல் பர்ப்பிள் ஹார்ட், 2002இல் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ், கடைசியாக 2015இல் மெடல் ஆஃப் ஆனர் என்று அவர் பெயரோடு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

97 ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பதக்கம் உண்மையில் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

கிரேக்கச் சிந்தனையாளர் எபிக்யூரஸிடம் கேட்டால், யாருக்குமில்லை என்பார். மரணம் இருக்குமிடத்தில் நாம் இல்லை. உணர்வே இல்லாதவருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பது அவர் வாதம். அவருக்கு முந்தைய அரிஸ்டாட்டில் இவ்வளவு எளிதாக முடித்துவிடவில்லை. இறந்தவருக்குக் கிடைக்கும் பெருமையும் இழிவும், அவர் பிள்ளைகளுக்கு வரும் வாழ்வும் தாழ்வும் அவரைச் சிறிதளவேனும் தொடுமா என்று நிக்கோமாக்கிய அறவியலின் முதல் புத்தகத்தில் கேட்டு, தொடாது என்று ஒரேயடியாக மறுக்கத் தயங்குகிறார். அதே புத்தகத்தில் அவர் சொல்லும் வேறொரு கருத்து இங்கே கூடுதல் உதவி செய்கிறது: மரியாதை என்பது பெறுபவரைவிடக் கொடுப்பவரையே அதிகம் சார்ந்திருக்கிறது என்கிறார். அரசியல் வாழ்வின் இலக்கு மரியாதை அல்ல என்று காட்டத்தான் அவர் இதைச் சொன்னார். படைப் பதிவேடுகளுக்குப் பொருத்திப் பார்த்தால் அதிலிருந்து வேறொரு முடிவு கிடைக்கிறது. மரியாதை கொடுப்பவரின் செயல் என்றால், கொடுக்கத் தவறியதும் கொடுப்பவரின் குற்றமே. பெற வேண்டியவர் இறந்தார் என்பதால் அந்தக் குற்றம் நீங்கிவிடாது.

ஊரில் ஒருவர் கைமாற்றாகப் பணம் கொடுத்துவிட்டு இறந்துபோனால், வாங்கியவர் கடன் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஹென்றி ஜான்சன் 1929இல் இறந்தார். அவர் காயம்பட்டு நின்ற படை சாகவில்லை. 1918இல் இருந்த அதே ராணுவம், அதே அரசு, அதே சட்டத் தொடர்ச்சியோடு இன்றும் இருக்கிறது. இறந்தவர் இதை உணர்வாரா என்ற கேள்விக்கு ஒவ்வொரு மதமும் ஒவ்வொரு தத்துவமும் தன் பதிலை வைத்திருக்கலாம். அந்தப் பதில் எதுவானாலும் கடன்பட்ட தரப்பு இன்னும் நம் கண்முன் நிற்கிறது.

இந்திய மனத்துக்கு உடனே தோன்றும் மறுப்பு ஒன்று உண்டு. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று போர்க்களத்தில் வைத்தே போதித்தது கீதை. உண்மையான வீரன் பதக்கத்துக்காகப் போரிடுவதில்லை; பிறகு ஏன் இந்தப் பதக்கக் கணக்கு? கேள்வி நேர்மையானது. ஆனால் பற்றைத் துறக்கும் உரிமை செயலைச் செய்தவருக்கு மட்டுமே உண்டு. அவர் சார்பில் அரசு துறக்க முடியாது. தோழனைக் காப்பாற்றிய இரவில் ஜான்சன் எந்த விருதையும் நினைத்திருக்க மாட்டார் என்பது அவருடைய பெருமை. அதையே காரணம் காட்டி அந்த இரவைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிடுவது, ஒருவருடைய நல்ல குணத்தை அவருக்கெதிராகவே பயன்படுத்துவதாகும். மேலும், பணிப் பதிவேடு என்பது அரசு கையொப்பமிட்டுக் கொடுக்கும் சாட்சியம்: இன்னார், இந்தக் காலத்தில், இந்தக் களத்தில் இருந்தார், இதைச் செய்தார். அதில் ஒரு வரி விடுபட்டால் சாட்சியம் பொய்யாகிறது. அதைத் திருத்துவதை இரக்கம் என்று எண்ணினால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்றாகிவிடும். உண்மை பேசும் கடமையில் அந்தத் தேர்வு இல்லை.

இந்தச் சாட்சியங்கள் எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு மிசூரி மாநிலத்தில் ஒரு கொடிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான ராணுவக் கோப்புகள் எரிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. விமானப்படையிலும் ஒரு பெரும் பகுதி போயிற்று. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் நின்றவர்களின் வாழ்க்கை அது. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. நனைந்தும் கருகியும் மீட்கப்பட்ட லட்சக்கணக்கான தாள்கள் வெற்றிடக் கூடங்களில் உலர்த்தப்பட்டன. எரிந்துபோன கோப்புகளுக்குப் பதிலாக, சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் அன்றாடக் காலை அறிக்கை, மருத்துவமனைப் பதிவு, முன்னாள் வீரர் நலத்துறையின் பழைய கோரிக்கை மனு ஆகியவற்றிலிருந்து துண்டு துண்டாக ஒரு மனிதரின் பணிக்காலத்தை மறுபடி கட்டும் வேலை அங்கே இன்றும் நடக்கிறது.

பதிவேட்டில் பிழை இருந்தால் திருத்த வழி உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1946இல் வந்த சட்டம் அந்த அதிகாரத்தை ராணுவத் துறைகளுக்குக் கொடுத்தது. குடிமக்களைக் கொண்ட திருத்த வாரியங்கள் பிறந்தன. பிழையைக் கண்டறிந்த 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீதியின் பொருட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். ஆனால் வாரியம் விசாரணையைத் தொடங்கும் இடம் கவனிக்கத்தக்கது. பதிவேடு சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது என்ற அனுமானத்திலிருந்து அது தொடங்குகிறது. பிழை என்று நிரூபிக்கும் சுமை மனுதாரருடையது. அரசின் காவலில் இருந்தபோது எரிந்த தாளுக்கு மாற்றாக, எண்பது வயதைக் கடந்த ஒருவர் ஆதாரம் தேட வேண்டியிருக்கிறது. அவரை நேரில் கண்ட சாட்சிகளில் பெரும்பாலோர் கல்லறையில்.

அரசின் எச்சரிக்கைக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தாராளமாக வழங்கப்பட்ட மெடல் ஆஃப் ஆனர்களை 1917இல் ஒரு குழு மறுஆய்வு செய்து 911 பெயர்களை நீக்கியது. அவற்றில் 864 பெயர்கள் மெய்ன் மாநிலத்தின் 27ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவை. பணிக்காலம் முடிந்தபின் தலைநகரைக் காக்கத் தங்கினால் போதும் என்று வாக்களித்துக் கொடுக்கப்பட்டவை. தகுதியில்லாத இடத்தில் பதக்கம் இருந்தால் தகுதியுள்ளவரின் பதக்கமும் சாட்சியம் என்ற மதிப்பை இழக்கிறது. ஆனால் அதே பட்டியலில் மேரி வாக்கரின் பெயரும் நீக்கப்பட்டது. போர்முனையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர், 1864இல் எதிரிகளிடம் சிக்கிச் சிறையிலிருந்தவர், அந்த விருதைப் பெற்ற ஒரே பெண். முறைப்படி படைப்பணியில் இல்லை என்பது நீக்கத்துக்குச் சொன்ன காரணம். அவர் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. 1919இல் இறக்கும்வரை அணிந்தே நடமாடினார். 1977இல் திருத்த வாரியத்தின் வழியாக அது மீண்டும் அவருக்கே உரியதாயிற்று. வாக்கர் விஷயத்தில் கண்டிப்பு இருந்தது; அவர் செய்த பணியை உள்ளபடி பார்ப்பது விடுபட்டது.

ஆதாரமே பிரச்சினையாக இல்லாத இடங்களிலும் அரசு கேட்டால்தான் கொடுத்தது. 1947இல் ராணுவம் ஒரு முடிவெடுத்தது: இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்முத்திரையோ போர்மருத்துவ முத்திரையோ பெற்றவர்கள் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர்கள். முத்திரை பெற்ற செய்தி வீரரின் விடுவிப்புச் சான்றிலேயே இருக்கிறது. இருந்தும் உரியவர் மனுப்போட வேண்டும் என்று விட்டார்கள். அதற்குள் பலர் வீடு திரும்பி, வயலிலும் ஆலையிலும் வேலைக்குப் போயிருந்தார்கள். இப்படியொரு முடிவு வந்ததே தெரியாமல் இறந்தவர்கள் பலர். பாட்டனின் பெட்டியில் பழைய சான்றைக் கண்டெடுத்து, அதைப் படித்து, விவரம் புரிந்து மனுப்போட்ட பேரப்பிள்ளைகள் உண்டு.

வேண்டுமென்றே எழுதாமல் விட்டதும் நடந்தது. ஹங்கேரியில் பிறந்த யூதர் டிபோர் ரூபின். மவுத்தாசன் நாஜி முகாமிலிருந்து அமெரிக்கப் படை தன்னை மீட்ட நன்றியில் அதே படையில் சேர்ந்தார். கொரியாவில் தனியாளாக ஒரு குன்றைக் காத்தார். பிடிபட்டு 30 மாதம் கைதியாக இருந்தபோது, இரவில் ஊர்ந்துபோய் எதிரியின் கிடங்கிலிருந்து உணவு எடுத்துவந்து தோழர்களின் உயிரைக் காத்தார். அவருக்கு விருது பரிந்துரைக்கும்படி மேலதிகாரிகள் சொல்லியும், யூதர்களை வெறுத்த ஒரு சார்ஜென்ட் அந்தக் காகிதங்களை அனுப்பவே இல்லை என்று உடனிருந்தவர்கள் பின்னாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். 2005இல்தான் மெடல் ஆஃப் ஆனர் வந்தது. அதற்கு முன், 1997 ஜனவரியில், இரண்டாம் உலகப் போரின் கறுப்பின வீரர் ஏழு பேருக்கு அதே விருது கொடுக்கப்பட்டது. அந்தப் போருக்காக அதுவரை 400க்கு மேற்பட்டோருக்கு வழங்கியும் ஒரு கறுப்பினத்தவர்கூட அதில் இருந்ததில்லை. எழுவரில் உயிரோடிருந்து பெற்றவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான். மற்ற அறுவரில் எட்வர்ட் கார்ட்டர் கல்கத்தாவைச் சேர்ந்த தாய்க்குப் பிறந்தவர். வீரப்பதக்கம் பெற்றிருந்தும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் 1949இல் மீண்டும் படையில் சேரவிடாமல் தடுக்கப்பட்டவர். அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு, 1999இல் ராணுவம் அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது.

ரூபின் வளர்ந்த யூத மரபில், இறந்தவருக்குச் செய்யும் இறுதிக் கடனே கலப்பில்லாத அன்பு எனப்படுகிறது. கைம்மாறு எதிர்பார்க்க அங்கே வழியே இல்லை. இறந்த வீரரின் பதிவேட்டைத் திருத்துவதும் அந்த வகைச் செயல்தான். அவர் நன்றி சொல்லப்போவதில்லை, வாக்களிக்கப்போவதில்லை.

ஆனால் இதுவரை அந்தச் செயல் வாரிசுகளின் விடாமுயற்சியை நம்பியே நடந்திருக்கிறது. ஷெமினின் மகள்களில் ஒருவர், தந்தைக்கு யூதர் என்பதால் உரிய விருது மறுக்கப்பட்டது என்று பல ஆண்டுகள் போராடினார்; யூத வீரர்களின் வழக்குகளை மறுபடி பார்க்க 2011இல் சட்டமே வந்தது. ஜான்சனுக்கோ, நியூயார்க் செனட்டர் சக் ஷூமரின் அலுவலகம் பழைய ஆவணங்களில் அன்றைய அமெரிக்கப் படைத் தளபதி பெர்ஷிங்கின் 1918 அறிக்கையைத் தேடியெடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ராணுவத்திடம் சேர்க்க வேண்டியிருந்தது. மகளோ செனட்டரோ வாய்க்காத வீரரின் செயல் எதனால் குறைவுபட்டது?

முதல் உலகப் போரில் பணியாற்றிய கடைசி அமெரிக்கர் ஃப்ராங்க் பக்கிள்ஸ் 2011 பிப்ரவரியில் 110 வயதில் இறந்தார். அதன் பிறகு, 2019 இறுதியில், அந்தப் போரின் கறுப்பின, யூத, ஆசிய, லத்தீன், பூர்வகுடி வீரர்களின் விருதுகளை முறையாக மறுஆய்வு செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் இடம் கொடுத்தது. மிசூரியின் பார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒவ்வொரு பெயராக எடுத்து, அமெரிக்க, பிரெஞ்சு ஆவணங்களை ஒப்பிட்டு வருகிறார்கள். உயிரோடிருக்கும் மனுதாரர் ஒருவர்கூட இல்லாத ஆய்வு அது; வாரிசு வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பதும் இல்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் நின்றவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளப் பட்டியலும் காலை அறிக்கையும் அரசின் கிடங்குகளில்தான் இருக்கின்றன. அவற்றைத் தானே ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்ட பதக்கம் எது என்று அவர்கள் வீட்டுக்கு எழுதும் பொறுப்பை அரசு இப்போதே ஏற்க வேண்டும்.